சந்தனம் எதைக் கழுவுகிறது?

1914ல் ஐரோப்பாவில் மூண்ட போர், மைசூரு சமஸ்தானத்தின் சந்தன வியாபாரத்தை முடக்கிப் போட்டது. அதுவரை இங்கே வெட்டப்பட்ட கட்டைகள் ஏலத்தில் விலைபோய், கப்பலேறி, ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், எண்ணெயாக வடிக்கப்பட்டன. போர் வந்ததும் வாங்க ஆளில்லாமல் கட்டைகள் கிடங்குகளில் தேங்கின. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னராகவும் எம். விஸ்வேஸ்வரய்யா திவானாகவும் இருந்த காலம் அது. எண்ணெயை நாமே வடித்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. பெங்களூரில் இருந்த இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் வடிக்கும் முறையைச் சோதித்துத் தந்தார்கள். 1916ல் அரசின் சந்தன எண்ணெய்த் தொழில் தொடங்கியது; மைசூருவில் ஆலை எழுந்தது. அந்த எண்ணெயைச் சோப்பில் சேர்க்கும் பக்குவத்தை இங்கிலாந்தில் பயின்று வந்த வேதியியலர் எஸ்.ஜி. சாஸ்திரி உருவாக்க, பெங்களூரின் அரசு ஆலையிலிருந்து மைசூர் சாண்டல் சோப் வெளிவந்தது. இன்றும் கர்நாடக அரசின் நிறுவனம்தான் அதைத் தயாரிக்கிறது. இயற்கைப் பொருளால் உடலைப் பேணுவது பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சோப்பு இந்தியாவில் கிடையாது. உண்மையான சந்தன எண்ணெய் அதில் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணெய் எதையும் கழுவுவதில்லை. மணம் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அழுக்கை எடுப்பது வேறொரு பொருள். தோலை வறட்டுவதும் அதே பொருள்தான். இந்த அத்தியாயத்தின் வாதம் இதிலிருந்து தொடங்குகிறது. தலைக்கும் தோலுக்கும் சவரத்துக்கும் வீட்டில் எடுத்துவைக்கும் எந்தப் பொருளையும், அது காட்டிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று பார்த்து மதிப்பிட முடியாது. தோலின் மேலும் முடியின் மேலும் அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பிட முடியும். அப்படிப் பார்த்தால் பாட்டி காலத்துப் பொருள்களில் சில நாம் நினைத்ததைவிட உயர்ந்து நிற்கும், சில தாழும்.

முதலில் சோப்பு. எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்புகள் கிடைக்கின்றன. அதுதான் சோப்பு. இந்த மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடுகிறது, மறுமுனை எண்ணெயை நாடுகிறது. அதனால் எண்ணெய்ப் பிசுக்கைப் பிய்த்து நீரில் மிதக்கவிட முடிகிறது. தேங்காய் எண்ணெயில் செய்தாலும் பாமாயிலில் செய்தாலும், அடுப்பங்கரையில் செய்தாலும் ஆலையில் செய்தாலும், இந்த உப்பு நீரில் கரையும்போது காரத்தன்மை தரும். பி.எச். அளவு 9 முதல் 10 வரை போகும். இந்தியச் சந்தையில் விற்கும் குளியல் சோப்புகளையும் ஷாம்புகளையும் சோதித்து 2014ல் இந்தியத் தோல் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வும் பெரும்பாலான சோப்புகளை இந்த வரம்புக்குள்தான் கண்டது. நம் தோலின் மேற்பரப்போ அமிலத்தன்மை கொண்டது, ஏறக்குறைய 5. இந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், சோப்பு நீருக்கும் தோலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். தோலின் அமிலப் படலத்தை 1928லேயே ஷாடே, மார்க்கியோனினி என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் விவரித்துவிட்டார்கள். அந்த அமிலச் சூழலில்தான் தோலின் மேலடுக்கு தன் கொழுப்புப் படலத்தைக் கட்டும் நொதிகள் சரியாக இயங்குகின்றன. தீங்கு செய்யும் நுண்ணுயிர்கள் பலவற்றுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. வெறும் குழாய் நீர்கூட இதை அசைக்கும். பி.எச். 8 உள்ள ஐரோப்பியக் குழாய் நீரில் கழுவிய தோல் பழைய நிலைக்கு வர ஆறு மணி நேரம் வரை ஆகலாம் என்று 2006ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, "வீட்டில் செய்த சோப்பு, ரசாயனமே இல்லை" என்று விற்கப்படும் கட்டியும் காரத்தில் பிறந்ததுதான். அளவு சரியாகப் பார்க்காமல் செய்த வீட்டுச் சோப்பில் வினைபுரியாத காரம் மிஞ்சி நிற்கவும் வாய்ப்புண்டு. இந்திய தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்பில் குறைந்தது 76 சதவீதம் மொத்தக் கொழுப்புப் பொருள் இருக்க வேண்டும். அது நல்ல அடையாளம், நிரப்புப் பொருள் குறைவு என்று பொருள். ஆனால் அந்த எண் எவ்வளவு ஏறினாலும் காரத்தன்மை இறங்காது.

சந்தனத்துக்கு மணம் தவிர வேறு வேலையே இல்லையா என்று கேட்பவர்களுக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டும். சந்தன மரத்தின் வைரப் பகுதியை நீராவியில் பல மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட, வடித்தால்தான் எண்ணெய் முழுதாக இறங்கும். அதில் பெரும்பங்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரு வகைச் சந்தலால். இவற்றுக்கு நுண்ணுயிர்களைத் தடுக்கும் ஆற்றல் சோதனைக் குழாயில் தெரிகிறது. ஆனால் சோப்பில் அது சிறு பங்கு. தோலில் சில நொடி தங்கி நீரோடு போய்விடுகிறது. இதைவிடச் சுவையான செய்தி ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகளில் சில தோலிலும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சந்தன மணப் பொருளுக்கு விடை தருகிறது. வளர்ப்புத் தட்டில் இருக்கும் தோல் செல்கள் அதனால் வேகமாகப் பெருகிக் கீறலை மூடுகின்றன என்று 2014ல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. 2018ல் வெளியான இன்னோர் ஆய்வு, உடலுக்கு வெளியே உயிருடன் வைக்கப்பட்ட மனித முடி வேர்களில் அதே பொருள் வளர்ச்சிப் பருவத்தை நீட்டுவதைக் கண்டது. கவனிக்க வேண்டியது, இரண்டிலும் பயன்பட்ட முக்கியப் பொருள் சாண்டலோர், அதாவது ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட செயற்கை மணப் பொருள். சந்தனக் கட்டையை உரைத்துத் தலையில் பூசினால் முடி வளரும் என்பதற்கு இந்த ஆய்வுகள் சான்றாகா. தோலைச் சீண்டும் பக்கமும் சந்தனத்துக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் விரிவுபடுத்திய, ஒவ்வாமை தரக்கூடிய மணப் பொருள்களின் பட்டியலில் சந்தன எண்ணெயும் இடம்பெற்றது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்த்தால் உறையில் பெயர் சொல்ல வேண்டும். சந்தனம் கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. சிலருக்குச் சேராது என்பதுதான். மரத்தின் நிலையையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிற செடிகளின் வேரிலிருந்து உறிஞ்சி வளரும் இந்த மரம் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் எடுக்கிறது. இன்று அழியும் அபாயம் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தன் நிலத்தில் வளரும் சந்தன மரத்துக்கு உழவரே உரிமையாளர் என்ற நிலை கர்நாடகத்தில் 2001ல்தான் சட்டமானது. தமிழ்நாட்டில் அதற்கடுத்த ஆண்டு. மணத்துக்காக இந்த மரத்தைப் போற்றுவது நியாயம். அது செய்யாத வேலைகளை அதன் பேரில் எழுதி, அதற்காக இன்னும் மரங்களைக் கேட்பது நியாயமில்லை.

நூறு ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள், அவர்கள் தோல் என்ன கெட்டுப்போனது என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. நலமான தோல் சில மணி நேரத்தில் தன் அமிலத்தன்மையை மீட்டுக்கொள்ளும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சுரக்கும் இளைஞருக்கு, நாளுக்கு ஒரு முறை சோப்பு பெரிய கேடு செய்யாது. ஆனால் எல்லோருக்கும் அந்தத் தெம்பு ஒரே அளவில் இல்லை. பிறந்த குழந்தையின் தோல் அமிலப் படலத்தை இனிமேல்தான் கட்டிக்கொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு எண்ணெய் சுரப்பது குறைந்துவிடுகிறது. கரப்பான் உள்ளவர்களின் தோலில் தடுப்புச் சுவரே பழுது. நாளுக்கு இருபது முறை கை கழுவும் செவிலியருக்கும் பாத்திரம் துலக்குபவருக்கும் மீள நேரமே கிடைப்பதில்லை. இவர்களுக்கெல்லாம், அமிலத்தன்மைக்கு அருகில் நிற்கும் சோப்பில்லாக் கட்டிகள் மெய்யாகவே நல்லவை. அவற்றில் தேங்காய்க் கொழுப்பிலிருந்து ஆலையில் பெறும் ஒரு பொருள் அழுக்கெடுக்கிறது. பார்வைக்குச் சோப்பு மாதிரி, வேதியியலில் சோப்பு அல்ல. செயற்கை என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்கி, இயற்கைச் சோப்பு என்று காரத்தைக் கைக்குழந்தைக்குத் தேய்ப்பது நல்லெண்ணத்தால் செய்யும் தவறு.

இப்போது சீயக்காய்க்கு வருவோம். இங்கே பாட்டிகளின் பக்கம் சான்று வலுவாக நிற்கிறது. மைசூருவுக்குத் தென்கிழக்கே பிலிகிரிரங்கன் மலைக் காடுகளில் சோளிகர்கள் தலைமுறைகளாகச் சேகரித்துவந்த காட்டுப் பொருள்களில் தேன், நெல்லிக்காய், கல்பாசியோடு சீயக்காயும் பூந்திக்கொட்டையும் உண்டு. அந்தக் காட்டில் சேகரிக்கும் உரிமை நடுவில் மறுக்கப்பட்டு, வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2011ல் அவர்களுக்குச் சமூக உரிமையாக வழங்கப்பட்டது. சீயக்காய்க் காயின் தோலிலும் பூந்திக்கொட்டையின் சதையிலும் உள்ள சபோனின்கள் சோப்பைப் போலவே நீரையும் எண்ணெயையும் இணைக்கும் மூலக்கூறுகள். ஆனால் இவை காரமில்லாமல் நுரைக்கின்றன. கரைசல் சற்றே அமிலப் பக்கம் நிற்கிறது. முடிக்கு இது ஏன் முக்கியம் என்றால், முடியின் மேற்பரப்பு ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. காரநீரில் முடி வீங்கிச் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன, முடியின் மேல் எதிர்மின்னூட்டம் கூடி இழைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன, உராய்வு கூடுகிறது, சீப்பு சிக்குகிறது, நுனி பிளக்கிறது. முடித்தண்டின் பி.எச். 3.67 என்றும், உச்சந்தலையின் அளவு 5.5 என்றும் எடுத்துக்கொண்ட பிரேசில் தோல் மருத்துவர்கள் 2014ல் 123 ஷாம்புகளைச் சோதித்தபோது, 5.5க்குள் இருந்தவை 38 சதவீதம்தான். மென்மையான, அமிலப் பக்கமுள்ள அழுக்கெடுப்பான் என்று இன்றைய ஆய்வுக்கூடம் எதைத் தேடுகிறதோ அதற்குச் சீயக்காய் முன்பே அருகில் வந்திருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. மைசூரு நகரின் பெரும்பகுதிக்குக் காவிரி, கபினி நீர் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளிலோ கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த உப்பு நீர். அந்த நீரில் சோப்புப் போட்டால் நுரை வராமல் வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து முடியில் ஒட்டும். சபோனின் அப்படித் திரிவதில்லை. ஷாம்பு வராத காலத்தில் கிணற்றடியில் தலைமுழுகியவர்களுக்குச் சீயக்காயும் அரப்பும் சோப்பைவிட மேலாக இருந்ததற்கு இது தெளிவான காரணம்.

அதற்காகச் சீயக்காய்க்குக் குறையே இல்லை என்று எழுத மாட்டேன். சபோனின் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், சிவக்கும். குழந்தைகளுக்குப் போடும்போது இது சின்ன விஷயமில்லை. சரியாகச் சலிக்காத தூள் முடியின் செதில்களை உரசிக் கெடுக்கும். கொட்டிய தூள் தலைமுடிக்குள் தங்கி அரிக்கும். எண்ணெய் வைக்காத வறண்ட தலையில் அடிக்கடி தேய்த்தால் சீயக்காயும் வறட்டும். காய்களைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீர், தூளைக் குழைத்துத் தேய்ப்பதைவிட மேல். வெந்தயமும் செம்பருத்தி இலையும் சேர்ப்பதற்கும் அறிவியல் காரணம் உண்டு. அவற்றின் கொழகொழப்பு முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. கடையில் கண்டிஷனர் செய்வதும் உராய்வைக் குறைப்பதுதான். உண்மையைச் சொன்னால், சேதமடைந்த அல்லது சாயமேற்றிய முடியில் கடைக் கண்டிஷனர் இதை இன்னும் திறமையாகச் செய்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட முடியில் ஒட்டிக்கொள்ளும்படி அதன் மூலக்கூறுகளுக்கு நேர்மின்னூட்டம் தரப்பட்டிருக்கிறது.

எண்ணெயைப் பற்றி ஆராய்ச்சி நமக்குத் தெளிவாகவே பேசுகிறது. மும்பையில் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ரேலே, மோஹிலே இருவரும் 2003ல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியைக் கழுவும்போது அதிலிருந்து வெளியேறும் புரதத்தின் அளவைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடும்படி குறைத்தது. காரணம், அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரான சங்கிலி கொண்டது. முடித்தண்டுக்குள் நுழைய முடிகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் நீர் புகுந்து வீங்குவது குறைகிறது. மாரிகோ தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனமாயிற்றே என்ற ஐயம் எழுவது சரியே. ஐயத்தை வைத்துக்கொண்டே சான்றைப் பார்க்கலாம். அளந்த முறை வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எண்ணெய் முடிக்குள் ஊடுருவுவதை வேறு கருவிகளைக் கொண்ட பிற்கால ஆய்வுகளும் காட்டின. எனவே தலைக்குக் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்து ஊறவிடும் பழக்கம் அறிவியலுக்கு உடன்பாடானது. குளித்தபின் தேய்ப்பதைவிட முன்னால் தேய்ப்பதே பாதுகாப்பு. ஆனால் இந்த ஆய்வு சொல்வது ஏற்கெனவே வளர்ந்துவிட்ட முடியின் சேதத்தைப் பற்றி. புதிய முடி முளைக்கும் வேர் தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே நடப்பதை ஹார்மோன்களும், பரம்பரையும், உடலின் இரும்புச் சத்தும், காய்ச்சலும் பிரசவமும் தீர்மானிக்கின்றன. முடி கொட்டும் பெண்ணுக்கு மூலிகை எண்ணெய்ப் பாட்டில் வாங்கித் தரும் குடும்பம், அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பது நல்லது. பொடுகு மிகுந்த தலையில் எண்ணெயை ஊறவைப்பதும் உதவாது. பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது.

தோலுக்கு நலங்கு மாவும் பயத்தம்மாவும் எளிய, நல்ல பொருள்கள். மாவில் உள்ள மாச்சத்தும் புரதமும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சோப்பால் முழு எண்ணெயையும் உரித்தெடுக்காமல், தேவையானதைத் தோலில் விட்டுவைக்க மாவு உதவுகிறது. நைசாக அரைத்துச் சலித்திருக்க வேண்டும், தேய்க்கும் கை அழுத்தக் கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை. இதே அலமாரியில் உள்ள எலுமிச்சைக்கு நான் இடம் தர மாட்டேன். அதன் சாற்றின் பி.எச். 2ஐ ஒட்டியது, தோலுக்கு அமிலம் நல்லது என்றால் இவ்வளவு அமிலம் நல்லதென்று ஆகாது. அதிலும் எலுமிச்சை வகைகளின் தோலில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் வினைபுரிந்து கொப்புளமும் வாரக்கணக்கில் மறையாத கருமையும் உண்டாக்கும். நிறம் வெளுக்கும் என்று நம்பித் தேய்த்த இடமே கறுத்துப்போகும். சமையல் சோடாவைத் தலைக்குப் போடும் புதிய பழக்கமும் அப்படித்தான். சோப்பின் குறையான காரத்தை அது வேறு வழியில் கொண்டுவந்து சேர்க்கிறது.

வீட்டுப் பக்குவங்களின் பெரிய ஆபத்து அவை கெட்டுப்போவதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மைசூருவை விட்டு வெளியே போக வேண்டாம். 1950ல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் கேள்விகளில் ஒன்று, ஒரு பொருள் ஏன் கெடுகிறது என்பது. உணவு அறிவியலில் அதற்கு நீர்ச் செயல்பாடு என்றொரு அளவு உண்டு; நுண்ணுயிர்களுக்கு எட்டும் நீர் எவ்வளவு என்பதை அது காட்டும். தூய நீருக்கு அது 1. 0.9க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர முடியாது, 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. வெயிலில் காயவைத்த சீயக்காய்த் தூளும் நலங்கு மாவும் அந்த வரம்புக்குக் கீழே நிற்பதால்தான் டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கின்றன. அதே தூளில் தண்ணீர் கலந்த கணமே அது ஊட்டமான வளர்ப்புக் கரைசல் ஆகிவிடுகிறது. கற்றாழைச் சோற்றை அரைத்துப் பாட்டிலில் அடைத்து ஒரு மாதம் முகத்தில் பூசுபவர், தனக்குத் தெரியாமல் பாக்டீரியாக்களை வளர்த்துப் பூசிக்கொள்கிறார். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லும் உறைகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் கவலை. நீர் கலந்த பக்குவத்தை அன்றே செய்து அன்றே தீர்த்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. பழைய வீடுகளில் அவ்வப்போது குழைத்துப் போட்டுக்கொண்டதில் இந்த ஒழுங்கு தானாக இருந்தது. பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியபோது அது தொலைந்தது. மருதாணியிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மருதாணி இலையின் சாயம் செம்மஞ்சள் நிறம் தரும், அதுவும் மணிக்கணக்கில் ஊறினால்தான். அவுரி இலையைத் தனியாக அடுத்துப் போட்டால் கருமை வரும். அரைமணியில் கருகருவென்று ஏறும் "கறுப்பு மருதாணி"யில் பெரும்பாலும் பாரா-ஃபினைலின்டையமீன் என்ற செயற்கைச் சாயம் கலந்திருக்கும்; முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரக்கூடியது அது.

நம் முன்னோர் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்ததே பெரிய சோதனைதானே, ஆய்வுக்கூடத்தின் சம்மதம் எதற்கு என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். நெடுங்காலப் பழக்கம் சான்றுதான். ஒரு பொருள் உடனே, கண்ணுக்குத் தெரியும்படி கேடு செய்யாது என்பதற்கும், உடனே தெரியும் பலனைத் தருகிறது என்பதற்கும் அது நல்ல சான்று. சீயக்காய் அழுக்கை எடுக்கிறதா என்பதை யாரும் அன்றே பார்த்துவிடலாம். மாதங்கள் கழித்து வரும் பலனில்தான் பழக்கம் ஏமாறுகிறது, ஏனென்றால் அதற்குள் வேறு பலவும் மாறிவிடுகின்றன. மைசூருவுக்கு அருகே நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலில் முடி காணிக்கை தந்து கபிலையில் முழுகும் குடும்பங்களை நாள்தோறும் காணலாம். அந்த நேர்த்திக்கடன் பக்தியைச் சேர்ந்தது. அதற்கு ஆய்வின் துணை வேண்டாம். ஆனால் அதோடு ஒட்டிவரும் ஒரு நம்பிக்கை சோதிக்கத் தக்கது. மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும், மழிக்க மழிக்கத் தாடி முரடாகும் என்பது அது. 1928ல் அமெரிக்க உடற்கூற்றியலர் மில்ட்ரெட் டிராட்டர் நான்கு ஆண்களின் மழித்த முடியை அளந்து பார்த்தார். மழிப்பதால் முடியின் பருமனோ வளரும் வேகமோ மாறவில்லை. 1970ல் வெளியான இன்னோர் ஆய்வில் ஐந்து ஆண்கள் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல மாதங்கள் மழித்தார்கள். மழித்த காலிலும் மழிக்காத காலிலும் முளைத்த முடிக்கு வேறுபாடில்லை. ஆட்கள் குறைவு என்று சொல்லலாம். ஆனால் ஒரே உடலின் இரு கால்களை ஒப்பிடுவது கூர்மையான சோதனை. முடி வேர் தோலுக்கடியில் இருக்கிறது, கத்தி மேலே ஓடுகிறது என்ற உடற்கூற்று உண்மையோடும் முடிவு பொருந்துகிறது. அப்படியானால் அத்தனை பேர் கண்டது பொய்யா? கண்டது மெய், காரணம் வேறு. வெட்டாத முடி நுனியில் கூராக மெலிந்திருக்கும்; வெட்டிய முடி மொட்டையான தடித்த முனையோடு எழும், கைக்குக் குத்தும். குழந்தைக்கு முதல் மொட்டை அடிக்கும் வயதிலோ மெல்லிய பிறவி முடி போய்த் தடித்த முடி வருவது எப்படியும் நடந்துகொண்டிருக்கிறது. மொட்டை அடிக்காத குழந்தைக்கும் அது வரும்.

சவரத்தில் மேலே சொன்ன எல்லாம் தலைகீழாகத் திரும்புகிறது. தலைமுடி வீங்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் வாதாடினேன். தாடி வீங்கத்தான் வேண்டும். நீரில் ஊறிய முடி தன் எடையில் 30 சதவீதம் வரை நீரை ஏற்று, குறுக்களவில் ஏறக்குறைய 15 சதவீதம் பருக்கிறது. உள்ளே புரதங்களைப் பிணைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் நெகிழ, வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறைகிறது. இதற்கு வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். குளித்த பிறகு சவரம் செய்வதன் நன்மை இதுதான். இங்கே சோப்பின் காரம் கூட்டாளி ஆகிறது. முடியின் மேலுள்ள எண்ணெயை அகற்றி நீர் புக வழி விடுகிறது, வீக்கத்தைக் கூட்டுகிறது. முழுகும் தலையில் குற்றவாளியாக நின்ற அதே பொருள் கன்னத்தில், ஐந்து நிமிடத்துக்கு, வேலைக்கு உதவுகிறது. தேங்காய் எண்ணெயை மட்டும் பூசி மழிப்பவர்கள் வழுக்கலைப் பெறுகிறார்கள், முடி ஊறுவதை இழக்கிறார்கள். முதலில் நீரில் ஊறவிட்டு, பிறகு எண்ணெயோ நுரையோ வைத்தால் இரண்டும் கிடைக்கும். 2020ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் பிளேடு முடியை வெட்டுவதைப் பார்த்தார்கள். எஃகு முடியைவிட ஐம்பது மடங்கு கடினமானது, ஆனாலும் எஃகின் ஓரம் உதிர்கிறது. மெல்லத் தேய்ந்து மழுங்குவதற்கு முன்பே, சாய்ந்து வளையும் முடி இழுக்கும் இடத்தில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாவிட்டால் சின்னச் சில்லு பெயர்கிறது. பெயர்ந்த ஓரம் தோலைக் கீறுகிறது. எரியும் சவரத்துக்கு மருந்து தேடுமுன் பிளேடை மாற்ற வேண்டும்; முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, அழுத்தாமல் இழுக்க வேண்டும்.

சவரம் முடிந்ததும் நாவிதர் தேய்க்கும் படிகாரம், வீட்டு அலமாரியில் நான் முழுமனதோடு பரிந்துரைக்கும் பழைய பொருள்களில் ஒன்று. பொட்டாசியம் அலுமினியம் சல்பேட் என்ற இந்த உப்பு மண்ணிலிருந்து எடுக்கும் கனிமங்களிலிருந்தும் வரும், ஆலையிலும் செய்யப்படும், இரண்டும் ஒன்றேதான். அதன் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. சோப்பு நுரை ஏற்றிவிட்ட காரத்தை இறக்கித் தோலை அதன் இயல்புக்கு அருகில் கொண்டுவருகிறது. அலுமினிய அயனிகள் புரதத்தைத் திரளச் செய்து நுண்ணிய வெட்டுகளின் ரத்தத்தை நிறுத்துகின்றன. சிறு ரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன. ஒரு நிமிடம் வைத்துக் குளிர்ந்த நீரில் கழுவிவிட வேண்டும், விட்டால் வறட்டும். ஆனால் ஒரே கட்டியை வீட்டில் இருவர் பகிரக் கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஒரு வாரம்கூட உயிரோடிருக்கும், பிளேடுக்கு உள்ள கட்டுப்பாடு படிகாரத்துக்கும் உண்டு. சுருள் முடிக்காரர்களுக்கு மட்டும் இந்த ஒழுங்குகள் போதாமல் போகலாம். ஒட்ட மழித்த முடி வளைந்து மீண்டும் தோலுக்குள் புகுந்து கழுத்தில் கொப்புளங்களாகப் புடைக்கும். அதற்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டாலும் காரணம் அப்படியே இருக்கிறது. மழிப்பதை நிறுத்தி, ட்ரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டுக் கத்தரித்தால் புதைந்த முடிகள் சில வாரங்களில் தாமாக வெளியே வரத் தொடங்கும். வராமல் சீழ் கட்டினால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.